கற்றுக் கொடுத்தது யார்?

மலைநாட்டுச் சாலையில் ஒரு லொறி பள்ளத்தில் உருண்டால், மறுநாட் பத்திரிகையில் நாம் படிக்கும் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: சாரதியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று கருதப்படுகிறது. சாரதி இறந்திருந்தால் அவன் வாய் திறக்கப் போவதில்லை. பிழைத்திருந்தால் விளக்கமறியலில் இருப்பான். ஆகவே அந்த வாக்கியத்தை மறுத்துப் பேச ஆள் இருப்பதில்லை. படித்தவர்களாகிய நாமும் ஆசிரியர் அறையில் அந்தச் செய்தியை வாசித்து, "குடித்துவிட்டு ஓட்டியிருப்பான்" என்று ஒரு தீர்ப்பையும் வழங்கிவிட்டு, தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்து வகுப்புக்குப் போய்விடுகிறோம்.

ஆயினும் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வகுப்பு முழுவதும் ஒரே கணக்கை ஒரே விதமாகப் பிழையாகச் செய்திருந்தால், மாணவர்களை மட்டும் திட்டிவிட்டு நாம் அமைதியடைவதில்லை. இவர்களுக்கு இதைக் கற்றுக் கொடுத்தது யார் என்று கேட்கிறோம். மலைநாட்டு லொறிச் சாரதியைப் பற்றி இந்தக் கேள்வியை நாம் ஏன் ஒருபோதும் கேட்பதில்லை?

இரவு பத்து மணிக்கு மேல் பேராதனைச் சந்தியில் நின்று பாருங்கள். கொழும்புச் சாலையும் நுவரெலியாச் சாலையும் அங்கே கூடுகின்றன. நுவரெலியாவிலிருந்து கரட்டும் லீக்சும் கோவாவும் ஏற்றிய லொறிகள் தம்புள்ளைச் சந்தைக்குப் போகின்றன. தோட்டங்களின் தேயிலை கொழும்புக்கு இறங்குகிறது. சீமேந்தும் உரமும் அரிசியும் எண்ணெயும் மேலே ஏறுகின்றன. கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; நுவரெலியா ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில். இரண்டுக்கும் இடையே உள்ள சாலைத் தூரம் எண்பது கிலோமீற்றருக்கும் குறைவு. புசல்லாவையும் இறம்பொடையும் கடந்து செல்லும் அந்த வளைவுகளில், பத்துத் தொன் சுமையை ஒரு மனிதன் தன் இரு கைகளாலும் ஒரு காலாலும் பிடித்து நிறுத்துகிறான். கடுகண்ணாவை இறக்கத்திலும், மகியங்கனைச் சாலையிற் பதினெட்டு வளைவு என்று பேர்பெற்ற இறக்கத்திலும் நடப்பது இதுவே. நாட்டின் சோறும் கறியும் இந்த மனிதனின் வலதுகாலை நம்பி இருக்கின்றன.

இந்தக் கலையை அவன் எங்கே கற்றான்?

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் இருந்தான். தோட்டத்து லயத்திலிருந்து வந்தவன். சாதாரண தரப் பரீட்சையிற் கணிதத்தில் தவறிவிட்டான். மறுமாதமே காய்கறி லொறி ஒன்றிற் கிளீனராகச் சேர்ந்தான். முதல் ஆறு மாதமும் மூட்டை ஏற்றினான், படங்கு கட்டினான், ஏற்றத்தில் லொறி நின்றால் குதித்து ஓடிச் சில்லுக்கு மரக்கட்டை கொடுத்தான், பின்னால் நின்று "வரட்டும், வரட்டும்" என்று தட்டினான். மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு தொகை. சாப்பாடு சாரதியின் தயவு. ஆனால் அவன் முறையிடவில்லை. ஏனெனில் அவனுக்கு ஒரு வாக்குறுதி இருந்தது: "இருந்து பாத்துக்கடா தம்பி, ஓட்டப் பழக்கித் தாறேன்." அந்த வாக்குறுதியே அவனுடைய சம்பளத்தின் மீதி.

பழக்கமும் நடந்தது. நாவுலவைத் தாண்டித் தம்புள்ளைக்குப் போகும் சமதரையில், நள்ளிரவில், சாரதி கண்ணயர விரும்பிய நேரங்களில் அவன் கையிற் சுக்கான் கொடுக்கப்பட்டது. பழகுநர் அனுமதிப்பத்திரம் இல்லை. எல் எழுத்துப் பலகை இல்லை. பக்கத்தில் அமர்ந்து கற்பிக்க வேண்டியவர் உறங்கிக் கொண்டிருந்தார். அந்தச் சாரதியையும் நான் குறை சொல்ல மாட்டேன். முந்தின நாட்காலையிலிருந்து அவர் படுக்கையைக் கண்டதில்லை. சந்தைக்கு விடியுமுன் போய்ச் சேராவிட்டால் விலை விழும். விலை விழுந்தால் முதலாளி முகம் கறுக்கும்.

ஒரு மழை இரவில், நுவரெலியாவிலிருந்து இறம்பொடைப் பக்கம் இறங்கும்போது, அந்த வாலிபன் முதன்முறையாகச் சுமை லொறியை இறக்கத்தில் ஓட்டினான். தன் குருவிடம் அவன் பார்த்துப் பழகிய வித்தை ஒன்று இருந்தது: இறக்கத்தில் கியரைக் கழற்றி நியூட்ரலில் விட்டால் டீசல் மிஞ்சும். அவனும் அப்படியே செய்தான். மூன்றாவது வளைவிற் பிறேக் சூடேறிய நாற்றம் வந்தது. நான்காவது வளைவில் மிதித்த கால் வெறுமையிற் போவது போல் இருந்தது. சாரதி திடுக்கிட்டு விழித்து, சுக்கானை எட்டிப் பிடித்து, லொறியை மலைச்சுவரில் உராயவிட்டு நிறுத்தினார். மறுபக்கம் பள்ளத்தாக்கு. மாணவனின் கால் முறிந்தது, உயிர் தப்பியது.

மருத்துவமனையில் அவனைப் பார்க்கப் போனேன். அவன் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "சேர், எறங்கயில பிறேக்கு அப்புடிப் போகும்னு எனக்கு யாரும் சொல்லித் தரல்லீங்க. அண்ணன் என்னையத் திட்டவே இல்லீங்க."

பிறகு நடந்ததுதான் முக்கியம். அனுமதிப்பத்திரம் இல்லாதவன் ஓட்டினான் என்று தெரிந்தால் காப்புறுதிப் பணம் வராது. ஆகவே சாரதியே ஓட்டியதாக எழுதப்பட்டது. சாரதி தலையாட்டினார். வழக்கும் அபராதமும் அவருக்கு, வேலையும் போயிற்று. முதலாளிக்கு லொறியைத் திருத்தும் செலவு கிடைத்தது. ஏட்டில் நிலைத்துவிட்ட வாக்கியம் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை: சாரதியின் கவனக்குறைவு.

இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது? அறியாமை இருக்கிறது; உறக்கமின்மை இருக்கிறது; டீசல் மிச்சம் பிடிக்கும் அவசரம் இருக்கிறது. இம்மூன்றையும் அந்த வாலிபன் தன் வீட்டிலிருந்து கொண்டுவரவில்லை. தொழில் நடத்தப்படும் முறைதான் அவற்றை அவனுக்குக் கொடுத்தது.

இறக்கத்தில் லொறி ஏன் கைமீறுகிறது என்பது தேவரகசியமன்று. எட்டாம் வகுப்பு விஞ்ஞானம் போதும். உயரத்தில் உள்ள சுமைக்குள் ஒரு சக்தி அடங்கியிருக்கிறது. லொறி இறங்கும்போது அது எங்கேயாவது செலவாக வேண்டும். தாழ்ந்த கியரிற் பூட்டி இறங்கினால், அதில் பெரும்பகுதியை என்ஜின் தாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டாலோ, அவ்வளவும் பிறேக்கின் மேல் வெப்பமாக இறங்கும். வெப்பம் மிஞ்சினால் உராய்வு குறையும். அப்போது எவ்வளவு பலமாக மிதித்தாலும் சில்லு நிற்காது. காற்று பிறேக் உள்ள லொறியில் பயந்துபோய் மீண்டும் மீண்டும் மிதித்தால், தாங்கியில் உள்ள காற்றழுத்தமும் இறங்கிவிடும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது பழைய சாரதிகளின் வேதவாக்கு. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். சுமையோடும் மழையோடும் இருளோடும் கையும் காலும் அதைப் பழகிக்கொள்ள மாதங்கள் வேண்டும். அந்த மாதங்களைக் கொடுக்க எவரும் தயாராக இல்லை என்பதே நமது வழக்கு.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. எழுத்துப் பரீட்சை உண்டு, மருத்துவச் சான்று உண்டு, ஓட்டிக் காட்டும் பரீட்சையும் உண்டு. ஆனால் எனக்குத் தெரிந்த லொறிச் சாரதிகளில் ஒருவரிடமாவது, "பத்துத் தொன் சுமையோடு கடுகண்ணாவையில் இறங்கிக் காட்டு" என்று எந்தப் பரீட்சகரும் கேட்டதில்லை. நீந்தத் தெரியுமா என்று வாளித் தண்ணீரில் சோதித்துவிட்டு மகாவலியில் இறக்கிவிடுவதற்கு இது ஒப்பானது.

மற்றத் தொழில்களைப் பாருங்கள். மருத்துவ மாணவன் பட்டம் பெற்ற பின்னும், மூத்த வைத்தியரின் கண்காணிப்பில் உள்ளகப் பயிற்சி பெற்றாக வேண்டும். ஆசிரியப் பயிற்சி பெறுகிறவர், பின்வரிசையில் விரிவுரையாளர் குறிப்பேட்டோடு அமர்ந்திருக்கப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். நாம் ஒரு பாடத்தைப் பிழையாக நடத்தினால் நாற்பது பிள்ளைகள் ஒரு தவணைக்குக் குழம்புவார்கள், அவ்வளவுதான். அதற்கே இத்தனை ஏற்பாடு. கடுகண்ணாவையிற் சாலையும் இருப்புப்பாதையும் ஒரே மலையில் ஏறுகின்றன. இருப்புப்பாதையிற் போகிறவர் உதவியாளராக இருந்து, படிப்படியாகப் பயிற்றப்பட்டு, சோதிக்கப்பட்ட பிறகே புகையிரதத்தைத் தனியாகப் பொறுப்பேற்கிறார். சாலையிற் போகிறவனோ, யாரோ உறங்கிய நேரத்தில் திருட்டுத்தனமாகக் கற்றவன். ஒரே மலை, ஒரே சரிவு, ஒரே புவியீர்ப்பு. வேறுபாடு ஒன்றுதான்: புகையிரதம் பொதுச்சொத்து, லொறி தனிச்சொத்து.

கடுகண்ணாவைக் கணவாயில் ஒரு கோபுரம் நிற்கிறது. கண்டிச் சாலையை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பப்பட்டது. மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்லும்போது அதைக் காட்டாத ஆசிரியர் இல்லை. அந்தச் சாலையின் பாறைகளை வெட்டியவர்களுக்கு அங்கே கோபுரம் இல்லை. இராஜகாரியம் என்ற பெயரிற் கூலியின்றி உழைக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்ட குடியானவர்கள் அவர்கள். கோபுரம் எழுந்த அதே 1832இல்தான் இராஜகாரியத்தை ஒழிக்கும் ஆணையும் பிறந்தது. ஆனால் அந்தச் சாலையில் கூலியற்ற உழைப்பு ஒழிந்துவிட்டதா? "ஓட்டப் பழக்கித் தாறேன்" என்ற ஒரு வார்த்தைக்காக இரண்டு மூன்று ஆண்டுகள் அரைக்கூலியில் மூட்டை சுமக்கும் கிளீனரின் உழைப்புக்கு வேறு என்ன பெயர் சொல்வது? முன்பு அரசன் பெயரால் வாங்கப்பட்டது, இன்று கல்வியின் பெயரால் வாங்கப்படுகிறது. அந்தக் கல்வியும் கொடுக்கப்படுவதில்லை.

இந்த நாட்டுக்கு வேறு வழி தெரியாமலும் இல்லை. 1958 ஜனவரி முதலாம் திகதி, தனியார் கம்பெனிகளிடமிருந்த பஸ் சேவை இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கீழ் பொதுச்சொத்தாக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அச்சபையின் பஸ்களைப் பராமரிக்கும் தொழிலாளரைப் பயிற்றுவதற்காக இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்துக்கு வித்திடப்பட்டது. பஸ்ஸைத் திருத்துகிறவனுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று அன்று ஒரு பொது நிறுவனத்தால் எண்ண முடிந்தது. 1970களின் இறுதியிற் காற்று மாறியது. போக்குவரத்துத் துறையிற் போட்டியே சகலமும் என்ற வேதம் புகுந்தது. பயிற்சி என்பது செலவுப் பட்டியலில் முதலில் வெட்டப்படும் வரியாயிற்று. லொறித் தொழிலோ அந்த நல்ல காலத்தின் நிழலைக்கூட ஒருபோதும் கண்டதில்லை.

விளைவை எண்ணிக்கையிற் பார்ப்போம். உலக வங்கி 2020இல் வெளியிட்ட அறிக்கை, இலங்கைச் சாலைகளில் ஆண்டுக்குச் சராசரி 38,000 விபத்துக்கள் நேர்வதாகவும், ஏறத்தாழ 3,000 பேர் இறப்பதாகவும், 8,000 பேர் படுகாயமடைவதாகவும் கணக்கிட்டது. ஓர் ஆண்டில் மூவாயிரம் பேர் என்றால், இரண்டு பெரிய பாடசாலைகளின் மாணவர் தொகை. 2021 மார்ச்சிற் பசறையில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து பதின்மருக்கு மேல் மாண்டனர். 2025 மே 11ஆம் திகதி, வெசாக்குக்கு முதல்நாள் விடியற்காலையில், கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற பஸ் கொத்மலை கெரண்டியெல்லையில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்விபத்துக்களின் காரணம் இன்னதுதான் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்தச் சாவுகளுக்குப் பின் நாம் பேசியதைப் பற்றியே சொல்கிறேன். சாலையைப் பற்றிப் பேசினோம், வாகனத்தின் வயதைப் பற்றிப் பேசினோம், இருக்கைப் பட்டியைப் பற்றிப் பேசினோம். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பஸ்களிலிருந்து அலங்காரப் பொருள்களைக் கழற்றுவதில் பொலிசார் காட்டிய சுறுசுறுப்பையும் கண்டோம். கழற்றட்டும், குற்றமில்லை. ஆனால் புதிய சாரதி ஒருவனுக்கு மலைச்சாலையை யார், எத்தனை நாள், எந்தக் கூலிக்குக் கற்பிப்பது என்ற கேள்வி எந்த மேடையிலும் எழவில்லை.

இதற்கு மறுப்பாக மூன்று வாதங்கள் வரும். மூன்றையும் நான் கேட்டிருக்கிறேன்.

"அனுபவமே ஆசான், பழைய சாரதிகள் எல்லாம் இப்படித்தானே கற்றார்கள்?" என்பது முதலாவது. உண்மைதான். ஆனால் இந்த வாதத்தைச் சொல்ல உயிரோடு இருப்பவர்கள் மட்டுமே வருகிறார்கள். அப்படிக் கற்கும்போது இறந்தவர்களைச் சாட்சிக்கு அழைக்க வழியில்லை. அனுபவம் ஆசான் என்றால், அந்த ஆசானுக்குக் கொடுக்கும் கட்டணம் மனித உயிராக இருக்கக் கூடாது.

"பயிற்சிக்குச் செலவு செய்தால் வாடகை ஏறும், வாடகை ஏறினால் காய்கறி விலை ஏறும்" என்பது இரண்டாவது. இது முதலாளியின் வாதமாயினும் ஏழையின் குரலிற் பேசுகிறது. செலவு இப்போதும் இருக்கிறது. அதைச் செலுத்துகிறவன்தான் வேறு. முறிந்த காலைப் பொருத்துவது இலவச அரச மருத்துவமனை. விதவைக்குச் சோறு போடுவது லயத்து அயலவர். முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் ஏறாத காரணத்தால் அது செலவே இல்லை என்று ஆகிவிடுமா? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டுக் கட்டளை, தொழில்முறை லொறிச் சாரதிக்கு 280 மணி நேர ஆரம்பப் பயிற்சியை வகுத்திருக்கிறது; துரித முறையிலாயினும் 140 மணி. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 35 மணி நேர மீள்பயிற்சி. அங்கே சோஷலிசம் மலர்ந்துவிடவில்லை. இலாபத்தையே தெய்வமாக வணங்கும் நாடுகள் அவை. அந்த நாடுகளே இதைச் செய்துவிட்டு நொடித்துப் போகவில்லை.

மூன்றாவது வாதம் வாயாற் சொல்லப்படுவதில்லை, முகத்தில் எழுதியிருக்கும். லொறி ஓட்டுவது ஒரு கலையா, அதற்கும் ஒரு கல்வியா என்ற ஏளனம் அது. இந்த ஏளனம் முதலாளியிடம் மட்டும் இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். நம்மிடமும் இருக்கிறது. கணக்குச் செய்யாத மாணவனை நாம் எப்படித் திட்டுகிறோம்? "நீ லொறிக் கிளீனராகத்தான் போவாய்." என் வாயிலிருந்தும் இந்தச் சொற்கள் வந்திருக்கின்றன. முறிந்த காலோடு படுத்திருந்த மாணவனின் கட்டிலருகே நின்றபோது, அவனிடமும் இதைச் சொல்லியிருந்தேனோ என்று நினைத்துப் பார்த்தேன். நிச்சயமாக நினைவில்லை, நினைவில்லாத அளவுக்குச் சாதாரணமான வசவு அது. தொழிலை வசவாக்கிய நாம், அத்தொழிலுக்குக் கல்வி வேண்டும் என்று எப்படிக் கேட்டிருப்போம்?

இனியாவது கேட்போம். கேட்க வேண்டியவை இவை.

முதலாவது, கிளீனர் என்று சேரும் ஒவ்வொருவரும் எழுத்து மூலம் பதியப்பட்ட தொழிற் பயிலுநராக வேண்டும். அதற்குரிய அரச நிறுவனமும் நாட்டில் உண்டு: தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை. பயிலும் காலத்துக்கு நடைக்கணக்கு ஒழிந்து மாதச் சம்பளம் வர வேண்டும்.

இரண்டாவது, பயிற்றும் மூத்த சாரதியை ஆசிரியராக மதித்து, அதற்கென ஊதியம் கொடுக்க வேண்டும். பயிற்சி நடக்கும் நாட்களில், விடியுமுன் சந்தை சேர வேண்டும் என்ற கெடு அவர் தலையில் தொங்கக் கூடாது. கெடு தொங்கும் இடத்தில் ஒருவனுக்கும் கற்பிக்க முடியாது.

மூன்றாவது, பயிற்சிக்கு ஒரு படிமுறை வேண்டும். முதலில் வெற்று லொறி, பகல், சமதரை. பிறகு அரைச் சுமை. பிறகு ஏற்றம், அதன் பின்னரே இறக்கம். இரவும் மழையும் பனிமூட்டமும் கடைசியில். ஒவ்வொரு படியும் ஒரு குறிப்பேட்டில் பதியப்பட வேண்டும். கனரக அனுமதிப்பத்திரத்துக்கான பரீட்சை சுமையோடு, உண்மையான மலை இறக்கத்தில் நடக்க வேண்டும்.

நான்காவது, வேலை நேரத்துக்கு எல்லை வேண்டும். சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 1979ஆம் ஆண்டு 153ஆம் இலக்கச் சமவாயம், தொடர்ந்து 4 மணிக்கு மேல் இடைவேளையின்றி ஓட்டலாகாது என்றும், நாளுக்கு 9 மணிக்கும் வாரத்துக்கு 48 மணிக்கும் மேல் ஓட்டலாகாது என்றும் வகுத்தது. உறங்காத குருவிடமிருந்தும் உறங்கும் குருவிடமிருந்தும் எவனும் எதையும் கற்க முடியாது.

இவற்றுக்கான பணத்தை லொறி உடைமையாளரும் காப்புறுதிக் கம்பெனிகளும் கொடுக்கட்டும். விபத்துக் குறைந்தால் முதலில் இலாபமடைவோர் அவர்களே.

ஆசிரியர்களே, மாணவர்களே! நமது பாடசாலைகளிலிருந்து ஆண்டுதோறும் வெளியேறும் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் இந்தச் சாலைகளுக்குத்தான் போகிறார்கள். பல்கலைக்கழகம் போகிறவனின் பெயரைப் பாடசாலைச் சுவரில் எழுதுகிறோம். லொறிக்குப் போகிறவனின் பெயரை இடாப்பிலிருந்து வெட்டுகிறோம். வெட்டிய பின்னும் அவன் நமது மாணவனே. நமது சங்கங்களின் அடுத்த கூட்டத்தில், சம்பளக் கோரிக்கைகளோடு இந்த நான்கு கோரிக்கைகளையும் ஒரு தீர்மானமாக நிறைவேற்றிச் சாரதிகளின் சங்கங்களுக்கும் தொழில் அமைச்சுக்கும் அனுப்புவோம். அந்த வேலை நடக்கும் வரைக்கும் ஒன்றையாவது செய்வோம். நாளை காலை ஆசிரியர் அறையில் யாராவது பத்திரிகையை விரித்து, "சாரதியின் கவனக்குறைவு" என்று வாசித்தால், அவருக்குக் கற்றுக் கொடுத்தது யார் என்று உரக்கக் கேட்போம்.